மலையடிவார வீடா? ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்

கேள்வி: சென்னை பல்லாவரத்தில் ஃப்ளாட்டில் இருக்கிறோம். எனக்கு வேலூர் சி.எம்.சி.யில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, ஜூனில் சேர வேண்டும். கணவருக்கு ஐ.டி. வேலை. வாரத்தில் இரண்டு நாள் சென்னை ஆபீஸ் போக வேண்டும், மற்ற நாட்கள் வீட்டிலிருந்தே வேலை. ஆறு வயதில் ஒரு மகள். முட்டிவலியோடு மாமியாரும் எங்களோடு இருக்கிறார். மகள் நாலு மரம், குருவி, வெட்டவெளி பார்த்து வளர வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு வீடு பார்த்தோம். ஓட்டேரி பக்கம் ஒரு தனி வீடு: கீழ்த்தளம், வாசலில் மாமரம், பின்னால் மலை, மாடியில் ஓனர். வாடகை 13,000, அட்வான்ஸ் பத்து மாதம் கேட்கிறார். இன்னொன்று காட்பாடி காந்தி நகரில் இரண்டாவது மாடி: லிஃப்ட் இல்லை, தலைக்கு மேல் மொட்டை மாடி, வாடகை 11,500, ஸ்டேஷன் பக்கம். "மலைப் பக்கம் போனா பாம்பு வரும்" என்கிறார் மாமியார். எந்த வீட்டை எடுப்பது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வீட்டுக்கு முன்னால் ஒரு விஷயம். உங்கள் டியூட்டி எந்த வளாகத்தில் என்று ஆர்டரில் பார்த்தீர்களா? சி.எம்.சி. என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஊர் நடுவில் இருக்கும் பழைய ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். கல்லூரி இருப்பது பாகாயத்தில். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கன்னிகாபுரத்தில் ராணிப்பேட்டை வளாகம் தனியாக இருக்கிறது. உங்களை அங்கே போட்டிருந்தால் நீங்கள் பார்த்த இரண்டு வீடுமே தப்பான திசை. சத்துவாச்சாரி, ரத்தினகிரி பக்கம் தேடுவதுதான் புத்திசாலித்தனம். நைட் டியூட்டி முடித்துக் காலையில் தூக்கக் கலக்கத்தோடு ஸ்கூட்டர் ஓட்டப் போவது நீங்கள்தானே. ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். டவுன் வளாகம் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

காட்பாடி வீட்டை நான் ஒரே வரியில் தள்ளிவிடுவேன். முட்டிவலிக்காரருக்கு லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி ஆகாது. ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பது உங்கள் கணவருக்குச் சௌகரியம்தான். ஓட்டேரியிலிருந்து காட்பாடி ஜங்ஷன் போக வேண்டுமென்றால் ஊரை முழுக்கக் கடந்து, கிரீன் சர்க்கிள் நெரிசலைத் தாண்டி, பாலாற்றுப் பாலம் ஏறி இறங்க வேண்டும். விடியற்காலை வண்டிக்குப் போகும்போது தெரியாது, சாயங்காலம் திரும்பும்போது தெரியும். ஆனாலும் அவருக்கு அந்த அலைச்சல் வாரத்தில் இரண்டு நாள். மாமியாருக்கு அந்தப் படிகள் ஏழு நாளும்.

அதோடு, மேல்தளத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே வேலூர் கோடையைக் கழிப்பது என்னவென்று பல்லாவரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது. சென்னையில் சாயங்காலம் கடல்காற்று வந்துவிடும். இங்கே அது வந்து சேர்வதற்குள் செத்துப்போகும்.

ஆக, ஓட்டேரி வீடுதான். ஆனால் இப்போதே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். மாமரம், மலை எல்லாம் சரி. 24 வருடமாக இந்த ஊரில் வீடு கட்டிக்கொடுத்தும், கட்டிய வீட்டைச் சோதித்துக்கொடுத்தும் பிழைக்கிற பொறியாளன் நான். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் ஜன்னல் வழியாக என்ன தெரிகிறது என்று பார்க்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்ப்பவர்கள் பத்தில் ஒருவர். பச்சை இருப்பதும் இல்லாததும் அதைப் பொறுத்துத்தான்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சாமி 1981-ல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார், ஜலகண்டேஸ்வரர். ஆற்றில் தண்ணீரும் எப்போதாவது வருகிறது, 2021 நவம்பரில் கரை தாண்டி வந்ததை எல்லோரும் பார்த்தோம். மரம் இல்லாத மலை மட்டும் பெரும்பாலும் அப்படியேதான் நிற்கிறது. நீங்கள் 'மலை' என்று எழுதியிருப்பது ஊட்டி மலை மாதிரி இல்லை, பாறை. பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியில் அதைத் திருப்பிக் கொடுக்கும். காலையில் போய்ப் பார்த்தால் பின்கட்டில் ஜில்லென்று நிழல் இருக்கும், மயில் அகவும், மனசு விழுந்துவிடும். எங்கள் ஊர் புரோக்கர்கள் மலைப் பக்கத்து வீட்டைக் காலை எட்டு மணிக்குத்தான் காட்டுவார்கள்.

போன மே மாதம் பாகாயம் தாண்டி இப்படி ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பத்தோடு போயிருந்தேன். ராத்திரி ஒன்பது மணி. பெட்ரூமின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்து மெதுவாகப் பத்து எண்ணச் சொன்னேன். அந்த அம்மா ஆறிலேயே கையை எடுத்துவிட்டார். அடுத்த ரூமின் கிழக்குச் சுவர் சாதாரணமாக இருந்தது. வீட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டிலை எந்த ரூமில் போடுவது என்பது மட்டும் அன்றைக்கே முடிவாகிவிட்டது. உங்கள் வீட்டில் ஒரு நல்லது, மாடியில் ஓனர் இருக்கிறார். மொட்டை மாடி வெயில் அவர் தலையில்தான் இறங்கும். மேற்குச் சுவர் மட்டும் பாருங்கள். அந்தப் பக்கம்தான் மாமரம் நிற்கிறதென்றால் அட்வான்ஸில் கொஞ்சம் கூடக் கேட்டாலும் தப்பில்லை.

இனி தண்ணீர். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

ஓனரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த வீடு மாநகராட்சியா, பஞ்சாயத்தா? ஊர் ஓரத்தில் எல்லைக்கோடு எந்தத் தெருவில் வளைகிறது என்று பார்த்தால் தெரியாது. சொத்து வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள், யாருக்குக் கட்டுகிறார் என்று அதில் இருக்கும். குடிநீர், குப்பை வண்டி, தெருவிளக்கு, சாக்கடை எல்லாவற்றுக்கும் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பது அந்த ஒரு காகிதத்தில் தெரிந்துவிடும்.

வேலூருக்குக் காவிரித் தண்ணீர் மேட்டூரிலிருந்து குழாயில் வருகிறது. வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பாலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு காவிரியைக் குடிக்கிறோம். "காவிரி கனெக்‌ஷன் இருக்குது சார்" என்று ஓனர் சொன்னால் அதோடு விடாதீர்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்? தானாகச் சம்ப்பில் விழுமா, யாராவது விழித்திருந்து குடத்தில் பிடிக்க வேண்டுமா? சம்ப் அவருக்கும் உங்களுக்கும் பொதுவா? பொதுவென்றால் மோட்டார் சுவிட்ச் யார் வீட்டுக்குள் இருக்கிறது? எனக்குத் தெரிந்து ஓனருக்கும் குடித்தனக்காரருக்கும் நடந்த சண்டைகளில் பாதி அந்தச் சுவிட்சில்தான் ஆரம்பித்தது.

புழங்குவதற்கு போர் தண்ணீர். இந்தப் பக்கம் அடியில் கெட்டிப் பாறை. பாறை இடுக்குகளில் தேங்கியதுதான் போரில் வரும். மலையடியில் நல்ல மழை பெய்த வருடம் கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர் நிற்கும். சரிவில் மண் மெல்லிசாக இருப்பதால் சீக்கிரமே வடிந்தும் போய்விடும். ஜனவரியில் பொங்கிய போர் மே மாதம் காற்று விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓனர் முன்னாலேயே மோட்டாரைப் போடச் சொல்லி மேல் டேங்க் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பாதியில் தண்ணீர் விட்டு விட்டு வந்தால் விஷயம் புரிந்துவிடும். அப்புறம் தெருமுனையில் நிற்கும் தண்ணி லாரிக்காரரிடம், "அண்ணே, மே மாசத்துல இந்தத் தெருவுல எத்தனை லோடு அடிப்பீங்க?" என்று கேளுங்கள். அவருக்கு உங்களிடம் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

தண்ணீரின் தரத்துக்கு பாத்ரூம் குழாயின் வாயைப் பார்த்தாலே போதும். வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் உப்புத் தண்ணீர். ஷவர் ஓட்டைகளில் பாதி அடைத்திருக்கும், பக்கெட் விளிம்பில் சுண்ணாம்பு மாதிரி ஒரு கோடு ஓடியிருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனா ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கிக்கொண்டு போங்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. நம் போர்கள் பல இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கேயோ இருக்கும். குளிக்க, துவைக்கப் பரவாயில்லை. சமைக்கக் காவிரியோ கேனோ தேவைப்படும். பேனா உப்பை மட்டும்தான் சொல்லும், தோல் தொழிற்சாலைக் கழிவு, ஃப்ளோரைடு எல்லாம் அதற்குத் தெரியாது. பாலாற்றுத் தோல் கழிவு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்த கதையை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. குழந்தை குடிக்கப்போகிற தண்ணீர் போரிலிருந்து என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். போருக்கும் அதற்கும் ஐம்பது அடியாவது இடைவெளி வேண்டும். சின்ன மனையில் அது இருக்காது. இல்லை என்று தெரிந்துகொண்டாவது குடி போங்கள்.

தண்ணீர் எங்கே போகிறது என்பதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கல்யாணமான புதிதில், பொறியாளர் என்ற மிதப்போடு, ஒரு ஏரிக்கரைப் பக்கம் வாடகைக்குப் போனேன். ஏப்ரலில் பார்த்த வீடு. காற்றென்றால் அப்படி ஒரு காற்று. ஐப்பசியில் ஏரி நிரம்பிக் கோடி வழியாக வழிந்தது. ஊரில் கிடா வெட்டிப் பூசை போட்டுக் கொண்டாடினார்கள், நான் கேஸ் சிலிண்டரைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். கோடித் தண்ணீர் போகிற பழைய கால்வாயைத் தூர்த்துத்தான் அந்தத் தெருவே போட்டிருந்தார்கள். பக்கத்துத் தெருவில் மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் பிறகு சொன்னார், "நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தம்பி." கேட்கவில்லையே.

நீங்கள் கேளுங்கள். கோடையில் பார்க்கும்போது மழை தெரியாது, ஆனால் மழை கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கும். காம்பவுண்டுச் சுவரின் வெளிப்பக்கம் அடியில் பழுப்பாக ஒரு கோடு, எதிர்வீட்டு வாசல்படி மட்டும் புதிதாக ஓரடி உயர்த்தியிருப்பது, கேட்டின் அடித்தகடு துருப்பிடித்துத் தின்றிருப்பது, பீரோ இருந்த இடத்தில் தரையோரம் உப்புப் பூத்த சுவர் என்று தேடினால் கிடைக்கும். மலையடி வீட்டுக்கு இன்னொன்றும் உண்டு. மலையில் விழுகிற மழை ஏதோ ஒரு ஓடை வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். அந்த ஓடை உங்கள் பின் காம்பவுண்டுக்கு எந்தப் பக்கம் போகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். ஊருக்கு நடுவிலேயே நிக்கல்சன் கால்வாய் நிரம்பினால் கன்சால்பேட்டை படும் பாடு வருடாவருடம் செய்தியில் வருகிறது. ஊர் ஓரம் என்றால் செய்தியிலும் வராது.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஓனரோடு உட்காருங்கள்.

பத்து மாத அட்வான்ஸ் என்கிறார். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரையில், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். 'எழுதிக்கொள்ளாத வரையில்' என்ற ஓட்டை இருப்பதால் பத்து கேட்பது குற்றம் என்று நீங்கள் சண்டைக்குப் போக முடியாது. ஆனால் பேரம் பேச அது நல்ல ஆயுதம். மூன்றில் ஆரம்பித்து ஐந்தில் முடியுங்கள். காலி செய்தால் கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதையும் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். பதினொரு மாத அக்ரிமென்ட்டை ஸ்டாம்ப் பேப்பரில் அடித்துப் பீரோவில் வைத்துக்கொண்டால் போதும் என்று இன்றைக்கும் பல ஓனர்கள் நினைக்கிறார்கள். பதினொரு மாதமானாலும் அதை வாடகை அதிகார அமைப்பின் இணையதளத்தில் 90 நாளுக்குள் பதிய வேண்டும், நம்பர் ஒன்று தருவார்கள். வரி வரும் என்று ஓனர் தயங்குவார். தயங்கட்டும், நீங்கள் மரியாதையாகவே கேளுங்கள்.

மாடியிலேயே ஓனர் இருந்தால் நல்லதும் உண்டு, தொல்லையும் உண்டு. கணவர் ரயிலில், நீங்கள் நைட் டியூட்டியில் இருக்கும்போது பாட்டிக்கும் பேத்திக்கும் மேலே ஓர் ஆள் இருப்பது பெரிய துணை. அதே ஆள் "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று நினைத்தபோது உள்ளே வர முடியாது. 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். என்ன தகராறு என்றாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் கூடாது.

கரண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது, உங்கள் தளத்துக்குத் தனி சர்வீஸ் நம்பர் இருக்கிறதா? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று இலவசம் உண்டு, அதற்குமேல் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். இரண்டு குடித்தனத்துக்கும் ஒரே மீட்டர் இருந்து, உங்களுக்கு 'சப் மீட்டர்' வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வசூலித்தால் அந்த இலவசமும் போச்சு, மே மாதம் ஏ.சி. ஓடும்போது மேல் ஸ்லாப் யூனிட் விலையும் உங்கள் தலையில். போன வருடம் கோடைக்கு வந்த பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

மாமரத்துக்கு வருகிறேன். சிரிக்காதீர்கள், மாமரத்தையும் அக்ரிமென்ட்டில் எழுத வேண்டும். முன்னால் சொன்ன வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் எந்த ரிப்பேர் யாருடையது என்று பட்டியல் இருக்கிறது. வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் செலவு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு எடுப்பது குடித்தனக்காரர் செலவு. குடித்தனக்காரர் புழங்குகிற தோட்டத்தையும் வெற்றிடத்தையும் பராமரிப்பதும் அவர் பங்குதான். ஆக, கிளை கரண்ட் கம்பியில் உரசினால் கழிக்க ஆள் கூலி யார்? காய் யாருக்கு? ஒரு வீட்டில் இரண்டு வருடம் நன்றாக இருந்தவர்கள், ஒரு கூடை மாங்காய்க்காக முகம் பார்க்காமல் காலி செய்ததை நான் பார்த்தேன். "காய் இருவருக்கும் சரிபாதி, கிளை கழிப்பது ஓனர், இலை கூட்டுவது குடித்தனம்" என்று ஒரு வரி போதும். மகள் செடி வைக்கத் தரையில் ஒரு பாத்தி வேண்டும் என்று கேட்டு அதையும் சேர்த்துவிடுங்கள். சிமென்ட் போட்டு மூடிவிடுகிற பழக்கம் எங்கள் ஊர் ஓனர்களுக்கு ரொம்ப அதிகம்.

பாம்பு. மாமியார் சொல்வது சரிதான், வரும். மலைப் பக்கம், ஏரிப் பக்கம் வீடென்றால் எலி இருக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது. தரையில் பாய் போட்டுப் படுப்பதை விட்டுவிட்டுக் கட்டில், அதைச் சுற்றிக் கொசுவலை. இரண்டும் போதும், கொசுவுக்கும் சேர்த்து. குளியலறைத் தண்ணீர் வெளியே போகும் ஓட்டைக்குச் சல்லடை மூடி, கதவுக்கு அடியில் விரல் நுழையாத அளவு பட்டை, பின்கட்டில் செங்கல், விறகு, பழைய ஓடு குவியல் கூடாது. குடி போகும் முன்பே ஓனரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்படியும் கடித்துவிட்டால் கட்டுவது, கீறுவது, வேர் தேடிப் போவது எதுவும் வேண்டாம், அசைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு. நர்ஸிடம் இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான், ஆனால் உங்கள் டியூட்டி நேரத்தில் வீட்டில் இருக்கப்போவது மாமியார், அவருக்குச் சொல்லி வையுங்கள். பாம்பைப் பார்த்தால் அடிக்கப் போக வேண்டாம், தீயணைப்புத் துறைக்குப் போன் செய்தால் பிடித்துப் போவார்கள்.

குரங்கைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பாம்பு வருடத்தில் ஒருநாள், குரங்கு தினமும். மாமரம் வேறு இருக்கிறது. சமையலறை ஜன்னலுக்கு வலை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அதையும் பேசிவிடுங்கள்.

அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாசல்படி எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்று அவர் ஏறிப் பார்க்கட்டும். தனி வீடுகளில் கக்கூஸ் பல இடத்தில் இன்னும் உட்கார்ந்து எழும் மாதிரிதான், சில வீட்டில் அது பின்கட்டில் தனியாகவும் இருக்கும். வெஸ்டர்ன் மாற்றித் தர ஓனர் சம்மதித்தால் அட்வான்ஸில் ஒரு மாதம் கூட்டிக் கொடுங்கள். சுவரில் கைப்பிடிக் கம்பி மட்டும் நீங்களே உங்கள் செலவில் போட்டுக்கொள்ளுங்கள், துளை போட அனுமதி வாங்கிவிட்டு.